திரும்பி வருவோருக்குக் கட்டணமில்லை

பாலம் திறந்த அன்று மந்திரி பேசியதில் கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு விளங்கியது ஒரே ஒரு வாக்கியம். மற்றதெல்லாம் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் போய்விட்டது. அந்த ஒன்றை மட்டும் யாரோ தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மந்திரி காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தார்.

"வீடு திரும்புகிறவரிடம் இந்த அரசாங்கம் காசு வாங்காது."

ஆட்கள் கை தட்டினார்கள். மழை தூறிக்கொண்டிருந்ததால் தட்டிவிட்டுச் சீக்கிரம் கலைந்தார்கள்.

அது ஐம்பத்துமூன்றாம் வருடம். மின்சாரம் எடுப்பதற்காக ஆற்றை மறித்ததில் தோட்டத்தின் அடிவாரப் பகுதியான கீழ்க்கணக்கு முழுவதும் ஏரியாகிவிட்டிருந்தது. அங்கிருந்த லயத்து வரிசைவீடுகளும் கொழுந்து நிறுக்கிற மடுவமும் முனியாண்டி கோயிலும் தண்ணீருக்கு அடியில். ஹட்டனுக்குப் போகிற ரோட்டும் கூடவே முங்கிப்போனதால், அக்கரப்பத்தனைப் பக்கத்து லொறிகளெல்லாம் ஏரியைச் சுற்றிப் பதினொரு மைல் வளைந்து போக வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியைத் தீர்க்கத்தான் பாலம். கட்டிய செலவை எடுக்கத்தான் பாலத்துக்குக் கட்டணம். லொறிக்கு ஒரு ரூபா, மாட்டுவண்டிக்கு இருபத்தைந்து சதம், நடந்து போகிறவருக்கு ஐந்து சதம் என்று பலகையில் எழுதி வைத்தார்கள். அடியில் மந்திரியின் வாக்கு மூன்று மொழியிலும் இருந்தது: திரும்பி வருவோருக்குக் கட்டணமில்லை.

லொறிக்காரர்கள் பலகையைப் படித்தார்கள். படித்துவிட்டு, ஒரு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பதினொரு மைல் வளைந்தே போனார்கள். பாலம் காலியாகக் கிடந்தது.

கட்டணம் வாங்க ரம்பண்டா என்று ஒரு சிங்கள மனிதரைத் தோட்டத்துப் பக்கக் கரையில் உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு ஒரு சின்னக் கொட்டில், ஒரு மூங்கில் தடை, ஒரு துண்டுப் புத்தகம். ஆள் போகும்போது துண்டில் பெயரும் தேதியும் எழுதி, அரசாங்க முத்திரை குத்திக் கிழித்துக் கொடுக்க வேண்டும். ஐந்து சதத்துக்கு எதற்குப் பெயரெல்லாம் என்று அவருக்கே தெரியாது. அச்சடித்து வந்தது அப்படி. முதல் மாதம் முத்திரை மை காய்ந்துபோய், எச்சில் தொட்டுக் குத்தினார்.

அந்தத் துண்டில் என்ன இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவன் அழகுமுத்து.

அழகுமுத்து தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். வயது முப்பத்திரண்டு, பெண்சாதி பூரணி, அப்போது பிள்ளைகள் இல்லை. பூரணிக்கு மருந்து வாங்க ஹட்டனுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்பண்டா கொடுத்த துண்டை அவன் நடுப்பாலத்தில் நின்று படித்தான். அவன் பெயர் இருந்தது. தேதி இருந்தது. அரசாங்க முத்திரை இருந்தது. இந்த மூன்றும் ஒரே காகிதத்தில் இருந்து அவன் அதுவரை பார்த்ததில்லை. மருந்து வாங்கியதைவிட அவசரமாகத் திரும்பி, நேரே தோட்டத்துப் பள்ளிக்கூடத்து லியனார்ட் மாஸ்டரிடம் போனான்.

காரணம் இல்லாமல் இல்லை. நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு ஒரு சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று சொல்லி, தோட்டத்து ஆட்கள் எவரும் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று ஆக்கிவிட்டது. மறு வருடம் வந்த சட்டம், இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கேயே இருந்தோம் என்று காட்டுகிறவர்கள் மனுப் போடலாம், பிரஜையாகலாம் என்றது. ஐம்பத்தொன்றில் தோட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவர் லியனார்ட் மாஸ்டர். மனுக்கள் எங்கேயோ போய் ஏறி உட்கார்ந்துகொண்டன. விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த தோட்டத்தில் பெயர்ப் பதிவு செக்றோலை மட்டும் நம்பிப் போன பதினேழு பேருக்கும் இல்லை என்று வந்திருந்தது. இல்லை என்று வந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தே இருந்தது. பூரணியின் அண்ணன் குடும்பம் இல்லை என்று வந்தபிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனது. அங்கிருந்து ஒரே ஒரு கடுதாசி வந்தது. வேலை இல்லை என்றும், ஊர்க்காரர்கள் தங்களைச் சிலோன்காரன் என்று கூப்பிடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தது. பூரணி அதைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். அழகுமுத்துவுக்குப் பயம் அன்றைக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு விடவில்லை.

"மாஸ்டர், இது செல்லுங்களா?"

லியனார்ட் மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு துண்டைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்கிற தவறைச் செய்தார்.

"அரசாங்க முத்திரையும் தேதியும் இருக்கிற எந்தக் காயிதத்தையும் வீசிறாதீங்க அழகுமுத்து. எது எப்ப ஒதவும்னு சொல்ல ஏலாது."

அன்றிலிருந்து அழகுமுத்து வேலை விட்டதும் கவ்வாத்துக் கத்தியை லயத்துக் காம்பராவில் போட்டுவிட்டுப் பாலத்துக்குப் போனான். ஐந்து சதத்தைக் கொடுத்துத் துண்டு வாங்கி, அந்தக் கரைக்கு நடந்து, அங்கே சும்மா ஒரு பீடி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். அங்கே அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. மழையென்றால் கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான்.

"முத்து, அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று ரம்பண்டா தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க மாத்தியா."

"அப்போ எதுக்குப் போறது?"

"போனாத்தானே நீங்க துண்டு குடுப்பீங்க."

ரம்பண்டா பெயரெழுதிக் கொடுத்தார்.

ஒரு மாதத்தில் விஷயம் லயத்துக்கு லயம் பரவியது. ஆறு மாதத்தில் சாயங்காலமானால் இருநூறு பேர் மூங்கில் தடைக்கு முன்னால் வரிசை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு பெண்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பிள்ளைக்கும் ஐந்து சதம் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னார்கள். எல்லாரும் அந்தக் கரைக்குப் போய் நிற்பார்கள். எல்லாரும் திரும்பி வருவார்கள். நிற்கிற கூட்டத்தை நம்பி அங்கே ஒருவன் தேத்தண்ணிக் கடை போட்டான். ரம்பண்டாவுக்கு மை போத்தல் மாதத்துக்கு நாலு வந்தது.

மேலே இருந்தவர்கள் கணக்கைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். கொழும்பிலிருந்து ஓர் இஞ்சினியர் வந்து இரண்டு நாள் நின்று ஆட்களை எண்ணினார். பாலத்தால் இந்தப் பிரதேசத்துப் போக்குவரத்து நாற்பது மடங்கு பெருகியிருக்கிறது என்று அறிக்கை எழுதினார். மக்கள் எதற்காகப் போகிறார்கள் என்று கேட்கிற பத்தி அவருடைய படிவத்தில் இல்லை.

பூரணிக்கு மட்டும் இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவள் வாயாடி. ஆனால் மூளைக்காரி.

"ஏங்க, அந்தப் பாலத்தையே கட்டியிருக்கலாமே, என்னைய ஏன் கட்டுனீங்க?"

"ஒனக்கும் சேர்த்துத்தானடி நடக்குறேன். மனுவுல ஒம்பேரும் இருக்கு."

"நடந்தா நாடு குடுப்பாங்களாக்கும். இந்த மலையில நாம நடக்காத நடையா? அதுக்கெல்லாம் துண்டு குடுத்தா இன்னேரம் கவர்னர் ஆயிருக்கலாம்."

அழகுமுத்து துண்டைப் பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடினான். நாலு வருடத்தில் தகரம் மூன்றாயிற்று. அதற்குள் பிள்ளைகளும் இரண்டாயின. ஐம்பத்துநாலில் ஒரு பெண், ஐம்பத்தாறில் ஒரு பையன். பிரசவத்தன்றும் போய்த் துண்டு வாங்கிக்கொண்டுதான் வந்தான். அதைப் பூரணி இன்னும் மன்னிக்கவில்லை.

ஐம்பத்தேழாம் வருடம் தை கழிந்ததும் விசாரணைக்குக் கடுதாசி வந்தது.

ஹட்டனில் ஒரு மாடியில் விசாரணை. அழகுமுத்து வெள்ளை வேட்டியும் இரவல் கோட்டும் போட்டிருந்தான். பூரணி கலியாணச் சேலை. லியனார்ட் மாஸ்டர் தோட்டத்து ஆபீசிலிருந்து செக்றோல் நகல்களை எடுத்துக்கொண்டு கூட வந்தார். மூன்று தகரத்தையும் சாக்கில் கட்டி அழகுமுத்து தலையில் சுமந்து வந்தான். விசாரணை ஐயா கண்ணாடி போட்ட, ஜலதோஷத் தடிமன் பிடித்த, மரியாதையான மனிதர். அவர் இங்கிலீஷில் கேட்டார். பக்கத்தில் இருந்த கிளாக்கர் தமிழில் சொன்னார்.

"எங்கே பிறந்தீர்?"

"ஏரிக்குள்ளங்க."

கிளாக்கர் இன்னொரு தடவை கேட்டார்.

"தண்ணிக்கு அடியிலங்க. கீக்கணக்கு, மூணாம் லயம், நாலாம் காம்பரா. எங்கப்பாவும் அங்கனதாங்க."

ஐயா மூக்கைச் சிந்திவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு செக்றோலைப் பார்த்தார். வருடம் வருடமாக அழகுமுத்துவின் பெயர் இருந்தது. காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட, "வந்திருக்கேன்" என்று அவன் சொன்ன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு இருந்தது. ஐயா திருப்தியாகத் தலையாட்டினார். லியனார்ட் மாஸ்டருக்கு முகம் மலர்ந்தது. அத்தோடு எழுந்து வந்திருந்தால் கதை வேறு.

"இன்னும் இருக்குங்க" என்று அழகுமுத்து சாக்கை அவிழ்த்தான்.

ஆயிரத்து இருநூற்று ஏழு துண்டுகள். மாதம் மாதமாகச் சணலில் கட்டியவை. மேசையில் இடம் போதாமல் நாற்காலியிலும் அடுக்கினான். அவனுக்குப் பெருமையாக இருந்தது.

ஐயா முதல் கட்டைப் பிரித்தார். கிளாக்கர் சொன்னார்: "இந்த வருடங்களை யாரும் கேட்கவில்லை. சட்டம் கேட்பது ஐம்பத்தொன்றுக்கு முன்னால். ஆனால் நீர் ஆவணமாகக் கொடுத்துவிட்டீர். பார்க்காமல் விட முடியாது."

பார்த்தார்கள். ஒரு மணி நேரம் பார்த்தார்கள். நடுவில் ஐயாவுக்குக் கோப்பி வந்தது.

"இவை எல்லாம் நீர் தோட்டத்திலிருந்து அந்தக் கரைக்குப் போனதற்கான துண்டுகள்."

"ஆமாங்க."

"திரும்பி வந்ததற்கு எங்கே?"

அழகுமுத்து பூரணியைப் பார்த்தான். பூரணி மாஸ்டரைப் பார்த்தாள்.

"திரும்பி வர்றதுக்குக் காசு இல்லைங்க. மந்திரியே சொன்னாருங்க. அதனால துண்டும் இல்லைங்க."

ஐயா யோசித்து யோசித்துப் பேசினார். கிளாக்கர் அதே நிதானத்தில் சொன்னார்: "உமது காகிதங்களின்படி நீர் ஆயிரத்து இருநூற்று ஏழு தடவை போயிருக்கிறீர். ஒரு தடவையும் திரும்பவில்லை. அந்தக் கரையில் ஹட்டன் ஸ்டேஷன் இருக்கிறது. ஹட்டனிலிருந்து தலைமன்னாருக்கு ரயில் போகிறது. தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் போகிறது."

"ஐயா, செக்றோலில் தினமும் வேலை செய்ததாக இருக்கிறதே" என்றார் லியனார்ட் மாஸ்டர்.

"செக்றோல் தோட்டத்தின் காகிதம். இது அரசாங்கத்தின் காகிதம். இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது என்று நான் யோசிக்க வேண்டியதில்லை."

பூரணி அதற்கு மேல் பொறுக்கவில்லை. மடியிலிருந்து பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஐயா, இந்தாங்க அரசாங்கக் காயிதம். அம்பத்துநாலுல ஒண்ணு, அம்பத்தாறுல ஒண்ணு. இவரு திரும்பி வரலேன்னா இதுக எங்கேருந்து வந்துச்சு?"

கிளாக்கர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். ஐயா சிரிக்கவில்லை. இரண்டையும் கவனமாகப் படித்தார். பதில் வந்ததும் கிளாக்கரின் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"இவை தாய் இங்கே இருந்ததற்குத்தான் அத்தாட்சி."

பூரணிக்கு முகம் நெருப்பாகிவிட்டது. நாலு வருடமாக மழையில் நனைந்து வந்த மனுசனுக்குத் தலை துவட்டிவிட்ட கை அது. அந்தக் கையால் பத்திரங்களை மெதுவாகத் திரும்ப எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். ஐயாவைத் திட்டுவதற்கு அவளிடம் ஐம்பது வார்த்தை இருந்தது. பிள்ளைகளுக்காக ஐம்பதையும் விழுங்கினாள்.

மூன்று மாதம் தவணை. திரும்பி வந்ததற்கு அரசாங்க முத்திரை போட்ட காகிதம் ஒன்றாவது கொண்டுவர வேண்டும்.

அன்று சாயங்காலம் மூங்கில் தடைக்கு முன்னால் வந்து அழகுமுத்து நின்றான். ஐந்து சதத்தை நீட்டினான்.

"என்ன முத்து? வர்றதுக்குக் காசு இல்ல. சும்மா வா."

"சும்மா வர முடியாதுங்க மாத்தியா. வந்ததுக்கு ஒரு துண்டு குடுங்க."

"வந்ததுக்குத் துண்டு இல்லையே."

"நான் தெனமும் வந்தேன்ல? நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். தெனமும் பாத்தேன்." ரம்பண்டா புத்தகத்தைத் திறந்து காட்டினார். போவதற்குத்தான் பத்தி இருந்தது. "எழுத எடம் இல்ல முத்து. எடம் இல்லாத எடத்துல எழுதினா என் வேலை போகும்."

அவர் சொன்னது நிஜம். அது அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த வாரமே லியனார்ட் மாஸ்டர் ஒரு மனு எழுதினார். தன் வாயால் வந்த வினை என்று அவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மனு இப்படி இருந்தது: கல்லுமலைத் தோட்டத்து மக்களாகிய நாங்கள் திரும்பி வரும்போதும் எங்களிடம் கட்டணம் வாங்கும்படி மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முந்நூற்று நாற்பத்திரண்டு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். பாலக் கட்டணக் காரியாலயத்துக்கு அப்படி ஒரு மனு அதற்கு முன்னால் வந்ததில்லை. மூன்று பேர் மூன்று தடவை படித்தார்களாம். பிறகு வேறெந்த மனுவுக்கும் காட்டாத வேகத்தில், இரண்டே மாதத்தில், சம்மதித்தார்கள். பலகையில் மந்திரியின் வாக்குக்கு மேல் தார் பூசினார்கள்.

மே மாதம் மூன்றாம் தேதி, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, திரும்பி வந்ததற்கான முதல் துண்டை அழகுமுத்து வாங்கினான். புதுப் புத்தகம், புது மை. ரம்பண்டா முத்திரையை இரண்டு கையாலும் பிடித்து, கோணாமல் குத்திக் கொடுத்தார். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அழகுமுத்து வீட்டுக்குள் நுழைந்ததும் துண்டைப் பூரணியிடம் நீட்டினான்.

"வந்துட்டேன் புள்ள."

அவள் முதல் தடவையாக ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. முத்திரையைத் தடவினாள். அன்று ராத்திரிச் சோற்றுக்குக் கருவாடு பொரித்தாள்.

தவணை நாளில் மறுபடியும் அதே மாடி, அதே கோட்டு. ஐயாவுக்குத் தடிமன் விட்டிருந்தது. துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெயர் சரி, தேதி சரி, முத்திரை சரி. நன்றாக இருக்கிறது என்று சொன்னார். கிளாக்கரும் நன்றாக இருக்கிறது என்றார். அழகுமுத்து பூரணியைப் பார்த்துச் சிரித்தான். இத்தனை வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

ஐயா பைலில் எழுதினார். எழுதியதை மனுதாரருக்குப் படித்துக் காட்டுவது முறை. கிளாக்கர் படித்தார்.

"மனுதாரர் இவ்விடம் வந்து சேர்ந்ததற்கான அரசாங்க அத்தாட்சி கிடைத்துள்ளது. வந்து சேர்ந்த தேதி, ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழு, மே மூன்று." ஒரு மூச்சு விட்டுவிட்டு மிச்சத்தையும் படித்தார். "சட்டம் குறித்த காலத்துக்குப் பிறகு வந்தவராதலால் மனு நிராகரிக்கப்படுகிறது."

லியனார்ட் மாஸ்டர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். அழகுமுத்து மட்டும் கும்பிட்டான். பழக்கம்.

ஹட்டனிலிருந்து நடந்தே வந்தார்கள். மாஸ்டர் பின்னால் வெகுதூரம் தள்ளி வந்தார். பாலத்தின் நடுவில் அழகுமுத்து நின்றான். ஏரி வற்றியிருந்தது. முனியாண்டி கோயில் வேப்பமரத்தின் மொட்டைக் கொம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண் தெரிந்தது. அதற்கு இடது பக்கம் மூணாம் லயம்.

"அங்கனதான் பொறந்தேன்" என்றான்.

"தெரியும்" என்றாள் பூரணி. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியில் வைத்து அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "நடங்க. புள்ளைக தேடும்."

மூங்கில் தடை இறங்கியிருந்தது. இப்போது வீட்டுக்குப் போக ஐந்து சதம். ரம்பண்டா அவர்கள் முகத்தைப் பார்த்தார். காசை வாங்கிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். எழுதும்போது பெயரை வாய்விட்டுச் சொல்வது அவர் வழக்கம்.

"அழகுமுத்து."

பெரட்டுக் களத்தில் இருபது வருடம் சொன்ன பதில், நினைக்குமுன் அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

"வந்திருக்கேன்."

ரம்பண்டா பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எப்பவும் இங்கதானே முத்து" என்றார். சொல்லிவிட்டு அன்றைய தேதியைப் போட்டு முத்திரை குத்தினார்.